ஆறாம் வகுப்பு அறையில் நான் விழுங்கிய வசனம்

உங்கள் மூத்த மகளைப் படிப்பில் பின்தங்கியவள் என்று எழுதிக் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியது அநியாயம். கணக்கில் அவள் கெட்டிக்காரி. வகுப்பில் கை உயர்த்திக் கதைக்கவில்லை என்பதற்காக இறக்கினார்கள். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அண்ணை, அந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை உங்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அக்கா, உங்கள் மனைவி, ஒரு கடிதத்தோடு வந்தார். மூத்தவள் முன்பு படித்த அதே றியால்சூலவின், நடுத்தரப் பள்ளிக்கூடத்தின், சாம்பல் நிற உறை, மூலையில் அதே முத்திரை. உங்கள் சின்னவள் இப்போது அங்கே ஆறாம் வகுப்பு. நீங்கள் கண்ணை மூடும்போது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை வரட்டாம். அண்டைக்கு அவரோடை போனமாதிரி நீங்கள்தான் என்னோடை வரவேணும்."

அண்டைக்குப் போனமாதிரி! உறையை அக்காவிடமே திருப்பி நீட்டினேன். அக்காதான் கிழித்துத் தந்தார். 'பாடங்களில் வாய் திறப்பதில்லை. ஏழாம் வகுப்புக்கு இங்கேயே ஏறுவாளா என்பதைக் கதைக்கவேண்டும்.' மூத்தவளுக்கு வந்த கடிதத்திலும் இதே வசனங்கள்தான்.

மூத்தவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, உங்களுக்கு மொழிபெயர்க்க நான் வர, நாங்கள் இருவரும் பூங்கன்றுத் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டு நேரே அங்கே போனோம். நகத்துக்குள் மண் தெரியக்கூடாதென்று நீங்கள் மூன்று தரம் கை கழுவினீர்கள். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் மடங்க இருந்தோம். மூத்தவள் உங்களுக்கும் எனக்கும் நடுவில், குனிந்த தலையோடு.

ஆசிரியை ஒரு தாளை விரித்தார். பிள்ளைகளின் பெயர்கள், அவற்றுக்கு நேரே பெற்றோரின் நாடு, அதற்கு நேரே புள்ளிகள். கெட்ட மனுசியில்லை, கோப்பியும் ஊற்றித் தந்தார். "இந்த வகுப்பில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் குடும்பங்கள். பள்ளிக்கூடத்தின் பெறுபேறு வருடாவருடம் கீழே போகிறது. உங்கள் மகள் நல்ல அமைதியான பிள்ளை. கீழ்ப் பள்ளிக்கூடத்தில், ஹவுப்ட்சூலவில், அவளுக்கு இன்னும் சுகமாக இருக்கும்" என்றார். பெயரைப் பார்த்தவர் நாட்டையும் பார்த்தார். சோதனைத் தாளில் அவள் எழுதிய விடைகளை எங்களுக்குக் காட்டவேயில்லை.

"எழுத்திலை என்ன புள்ளியாம்?" என்று கேட்டீர்கள். எழுத்தில் நல்ல புள்ளிதான். ஆனால் முழுப் புள்ளியில் பாதி, வகுப்பில் வாய் திறந்து கதைப்பதற்கு. நான் அதைச் சொன்னதும் உங்கள் முகம் வெளிறியது. ஏனென்றால் காலையில் சப்பாத்துக் கட்டிவிட்டு, "ரீச்சர் கதைக்கேக்கை வாயைக் காட்டாதை பிள்ளை. கேட்டால் மட்டும் சொல்லு" என்று அனுப்பியது நீங்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அனுப்பினோம். அடக்கம் என்று எங்கள் வீடுகளில் மெச்சியதை அந்த அறையில் ஒன்றும் தெரியாதவள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

நீங்கள் நிமிர்ந்து இருந்தீர்கள். "தம்பி, இதை அப்பிடியே சொல்லும். என்ரை பிள்ளை மொக்கு இல்லை. அவள் கதைக்காதது நான் சொல்லிக்குடுத்தது. ஒரு தவணை தாங்கோ, நான் அவளைக் கதைக்க வைக்கிறன். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் மாத்துற இந்தத் தாளிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

எனக்கு அந்த ஜெர்மன் தெரியும். அகதி முகாமில் ஓர் இரவல் அகராதியை வைத்துக்கொண்டு, ஒருவரும் படிப்பிக்காமல் நானே படித்த மொழி. ஒரு சொல்லுக்கும் தடுமாறியிருக்க மாட்டேன். ஆனால் அடுத்த கிழமை எங்கள் இருவருக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும் நாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சில மாதத்துக்கு மட்டும் தருகிற அந்தத் தங்கும் அனுமதித் தாளைப் புதுப்பிக்கவேண்டும். எதிர்த்துக் கதைத்தால் இந்த மனுசி அங்கே தொலைபேசி எடுப்பார் என்று பயந்தேன். அப்படி ஒருவரும் எடுப்பதில்லை என்று இப்போது தெரியும்.

"அவர் நன்றி சொல்கிறார்" என்றேன், ஜெர்மனில்.

"சொல்லிப்போட்டீரே?"

"ஓம் அண்ணை. தவணை தர ஏலாதாம்."

நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். திரும்பி வருகையில் பஸ்சில், "நீர் இருந்தபடியால் தப்பினன். நான் ஜெர்மன் கதைச்சால் இந்த டிரைவர் பஸ்சை விட்டிட்டு இறங்கி ஓடுவான்" என்று சிரித்தீர்கள்.

இன்று பின்னேரம் அக்காவைக் கூட்டிப்போக மூத்தவள் வந்தாள். பேக்கரி வேலை உடுப்பு, சட்டைக் கையில் மா.

"மாமா, வெள்ளிக்கிழமை நானும் வாறன்."

"நீ ஏன் வேலையை விட்டிட்டு? நான் இருக்கிறன்தானே."

"அண்டைக்கும் இருந்தனீங்கள்தானே."

அக்கா குசினியில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா சொன்னது ஒண்டு, நீங்கள் சொன்னது வேறை. நான் நடுவிலைதானே இருந்தனான்."

"அப்ப ஏனடி ஒண்டும் சொல்லேல்லை?"

"பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைக் காட்டப்படாது எண்டு அப்பா சொன்னவர்."

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியும். நீங்கள் கட்டிலில் கிடந்த கடைசி மாதத்திலும் தெரியும். உங்களிடம் அவள் சொல்லவில்லை. எனக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னிடம் இப்போது இந்த நாட்டின் கடவுச்சீட்டு இருக்கிறது. இருந்தும் வெள்ளிக்கிழமை அந்தக் கதிரையில் இருந்ததும் என் நாக்கு மறுபடியும் நன்றி சொல்லிவிடுமோ என்று பயமாயிருக்கிறது. ஆனால் என் பிழை பள்ளிக்கூடத்தின் பிழையைக் குறைக்காது. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆசிரியை நாட்டின் பெயர் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, சின்னவளின் சோதனைத் தாள்களை மேசையில் விரிக்கவேண்டும். பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு தவணை கொடுக்கவேண்டும். அக்கா காலையில் அந்தப் பழைய புத்திமதியைச் சொல்லாமல் அவளை அனுப்பவேண்டும். சின்னவள் ஒரு பாடத்தில் ஒருமுறையாவது, விடை பிழையென்றாலும், கை உயர்த்தவேண்டும். மூத்தவள் எனக்குப் பக்கத்தில் இருந்து, நான் ஒரு சொல்லை விட்டாலும் குறுக்கே கதைக்கவேண்டும். நீங்கள் சொன்ன வசனத்தை, நீங்கள் சொன்னபடியே, நான் சொல்லவேண்டும்.