பின்வாசல் படியில் ஆறு மணி

கிரிம்ஸ்பி
பிப்ரவரி 11, செவ்வாய்

அன்பு மகள் லியானுக்கு அம்மா எழுதுவது.

நீயும் டேமியனும் குட்டி ஹோலியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உன் அப்பா சௌக்கியம், போன வருடத்தைவிட நன்றாகவே இருக்கிறார். நானும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குத் தபால் செலவு என்று சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடும்போது டேப்லெட்டை டீ கெட்டில் மேல் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போட்டோவுக்கு நிற்பவர்கள் மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு உட்காருகிறோம், அதில் உன் அப்பா காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியுமா, நீயே சொல். அதனால்தான் கடிதம். ஹோலிக்கு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன், கை கொஞ்சம் நீளமாகத்தான் வந்திருக்கிறது, மடித்து விடு, குழந்தை வளர்ந்துவிடும். உன் பழைய அறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஆள் வந்து பார்த்துவிட்டு தலையை ஆட்டிவிட்டுப் போனான், மறுபடி வரவில்லை. சனிக்கிழமை நம் ஊர்க் கால்பந்து அணி டவுன் மறுபடியும் தோற்றது, உன் அப்பா ரேடியோவிடம் கோபித்துக்கொண்டு அதைப் போய்ச் சமையலறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஹோலிக்கு ராத்திரி இருமல் என்று சொன்னாயே, அந்த விறகு அடுப்பை அவள் தூங்குகிற பக்கம் எரிக்காதே. உனக்கும் சின்ன வயதில் நெஞ்சு அப்படித்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் மூச்சுப் பரிசோதனை பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறோம். அக்டோபரில் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதி முடித்து இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்க, டாக்டர், உங்கள் வயது அறுபத்தாறு, உங்கள் நுரையீரலுக்கு எண்பத்து நாலு என்றார். வெளியே வந்ததும் இவர், "என்னைவிட பதினெட்டு வயசு மூத்ததாம் மாரீன், இனிமே அண்ணன்னு மரியாதையா கூப்பிடணும்போல இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் டாக்டர் அதற்குப் பிறகு சொன்னதை அவர் உன்னிடம் சொல்லவில்லை, சிகரெட்டை விடாவிட்டால் இரண்டு வருடத்தில் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டருமாகத்தான் இருக்க வேண்டும், மாடிப்படி ஏறுவதையெல்லாம் மறந்துவிடலாம் என்றார்.

அப்புறம்தான் நூலகத்து மாடியில் நடக்கும் சிகரெட் நிறுத்துகிற குழுவில் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், நான் ஜென்மத்தில் ஒரு சிகரெட் குடித்ததில்லை என்றாலும் ப்ரெண்டா என்று அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அவள்தான் குழுவை நடத்துகிறாள், சிகரெட் குடிப்பவரோடு வீட்டில் இருப்பவரும் வாரா வாரம் கூட வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளே இவருக்கு சிகரெட்டுக்குப் பதிலாக ஆவியை உறிஞ்சுகிற வேப் என்ற மின்கருவியும் அதற்கு ஊற்றுகிற ஜூஸ் என்ற நிகோடின் திரவப் பாட்டில்களும் இலவசமாகக் கொடுத்தாள். உன் அப்பா அதற்குப் புல்லாங்குழல் என்று பெயர் வைத்திருக்கிறார், காலையில் எழுந்ததும் "என் புல்லாங்குழல் எங்கடி ஒளிச்சு வச்சிருக்க" என்று ஆரம்பித்துவிடுவார். முப்பது வருடம் குளிர்பதன மீன் கிடங்கில் ஹாடக் மீன் அறுத்த விரல்கள் அல்லவா, அவை இப்போது சரியாக மடங்குவதில்லை. ஆச்சரியம் என்னவென்றால் புகையிலையும் தாளும் கிடைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சுருட்டும், அதற்கென்றே வளைந்துபோன விரல்கள். ஆனால் இந்த ஜூஸ் பாட்டில் மூடி அமுக்கித் திருகினால்தான் திறக்கும், அது அவருக்கு ஆகாது. அதனால் அதை நிரப்புவது என் வேலை ஆயிற்று. முன்பு கிடங்குக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த மாதிரி தினம் காலையில் நிரப்பிக் கோட்டுப் பையில் போட்டுவிடுவேன்.

ப்ரெண்டா இன்னொன்றும் சொன்னாள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் சிகரெட் குடித்தீர்களோ அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் சில மாதங்கள் போகவே கூடாதாம், மனசு அங்கேதான் வழுக்குமாம். உங்களுக்கு எந்த இடம் என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், பின்வாசல் படி, சாயங்காலம் ஆறு மணி.

அந்தப் படி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்த அன்று உனக்கு மூச்சு விஸ்விஸ் என்று கேட்டது, நர்ஸ் வீட்டுக்குள் புகை ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் உன் அப்பா கதவைத் திறந்து படியில் இறங்கிப் பற்றவைத்தவர்தான், முப்பத்து நாலு வருடம், பனி கொட்டினாலும் மீன் துறைப் பக்கமிருந்து அந்தக் காற்று அடித்தாலும் ஒரு நாள்கூட வீட்டுக்குள் பற்றவைத்ததில்லை. தனியாக நிற்கிறாரே என்று நான் முதல் நாள் டீயை எடுத்துக்கொண்டு போனேன். அப்புறம் தினமும் போனேன். நீ உள்ளே இருந்து, கதவை மூடுங்க, குளிருது என்று கத்துவாய், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால், உன் அப்பா இந்த ஜென்மத்தில் என்னிடம் பேசியதெல்லாம் அங்கேதான் பேசினார். முகத்துக்கு நேராகப் பேச அவருக்கு வராது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மெல்ல வாயைத் திறப்பார். கிடங்கை மூடப் போகிறார்கள் என்பதை அங்கேதான் சொன்னார். அவருடைய அம்மா செத்துப்போனபோது அங்கேதான் அழுதார். உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சுருட்டிக் குடித்தார், அப்புறம் "ரொம்ப தூரம் போயிட்டா மாரீன்" என்றார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது அவருக்கு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. ஆறு மணிக்கு முன்னறையில் டிவியில் டார்ட்ஸ் ஆட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேப்பை ஊதுகிறார், வீடு முழுக்க ஜாம் பாட்டிலைத் திறந்த வாசனை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஏதாவது கேட்டால், உம், என்பார். விளம்பரம் வரும்போது, டீ ஆறிடும் குடி, என்பார். இருபது தடவை முயற்சி செய்திருப்பேன் லியான், அந்தச் சோபாவில் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு உன் அம்மாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ப்ரெண்டா கொடுத்த பாட்டில்கள் தீர்ந்துபோன வாரம் நான் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் போய் வாங்கினேன். எவ்வளவு வீரியம் வேண்டும் என்று கடைக்காரப் பையன் கேட்டான். பாட்டிலில் போட்டிருந்த நிகோடின் எண்ணைப் பார்த்தேன், அவர் குடித்துக்கொண்டிருந்தது இருபது, அங்கே மூன்றும் இருந்தது. கொழுப்புக் குறைந்த பால் வாங்குகிற மாதிரி நல்லதுதானே என்று மூன்றை வாங்கிவந்து சொல்லாமல் கொள்ளாமல் ஊற்றிவிட்டேன். அது தெரியாமல் செய்தது, சத்தியமாக. மூன்றாம் நாளே உன் அப்பா கூண்டில் அடைத்த கரடி மாதிரி ஆகிவிட்டார், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தார், வேப்பை வாயைவிட்டு எடுக்காமல் உறிஞ்சி உறிஞ்சி இருமினார். அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் படியில் நின்று சுருட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி, "திட்டாத மாரீன். ஒண்ணே ஒண்ணு. முடியல" என்றார்.

நான் திட்டவில்லை. உள்ளே போய் டீ போட்டு இரண்டு கோப்பையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு பயமா இருக்கு. மூச்சு முட்டி சாகறதுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகி முதல்முறையாக அதைச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், புகையிலை வாசம் வந்தது.

அடுத்த நாள் ப்ரெண்டா போன் செய்தாள். எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, மறுபடி சிகரெட்டைத் தேடினால் முதலில் ஜூஸ் வீரியத்தைப் பாருங்கள், நிறையப் பேர் அவசரப்பட்டுக் குறைத்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள், இருபதிலிருந்து குறைக்கவே குறைக்காதீர்கள் என்றாள். சரிம்மா என்றேன். திங்கட்கிழமை கடைக்குப் போனேன். எண்ணைப் பார்த்தேன். தெரிந்தே மூன்றை வாங்கினேன்.

பத்து நாள் லியான். பத்து நாள் ஆறு மணிக்கு உன் அப்பாவும் நானும் அந்தப் படியில் நின்றோம். ஒன்று இரண்டாகி நாலாகியது. அவர் இருமும்போதெல்லாம் நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், மறுநாள் காலையில் அதே பாட்டிலை எடுப்பேன்.

அந்த வாரம் குழுவில் அவரை மூச்சில் எவ்வளவு புகை என்று காட்டுகிற கருவியில் ஊதச் சொன்னார்கள். அந்தக் கருவியில் வேப் தெரியாது, சிகரெட் புகை மட்டும்தான் தெரியும். முதலில் இருபத்தாறில் இருந்து நாலுக்கு இறங்கியிருந்தது, போர்டில் அவர் பெயருக்கு நேராக எழுதிக் கை தட்டினார்கள். இப்போது பதினைந்து காட்டியது. அத்தனை பேர் முன்னால் உன் அப்பா எழுந்து நின்று, "என் மேலதான் தப்பு. என் வீட்டுக்காரி பாவம், தினம் நிரப்பிக் கொடுக்கிறா. எனக்குத்தான் மன உறுதி இல்ல" என்றார். ப்ரெண்டா அமைதியாக, பாட்டில் இருக்கிறதா பார்க்கலாமா என்று கேட்டாள். என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடையில மாறிப்போச்சு போல" என்றேன். பொய். அவள் வேறு ஒன்றும் கேட்காமல், "ட்ரெவர், உங்க உறுதிக்கு ஒரு குறையும் இல்ல, இந்தப் பாட்டில்லதான் ஒண்ணுமே இல்ல பாருங்க" என்று புதுப் பாட்டில் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என் முழங்காலைத் தட்டி, "விடு மாரீன், அந்தக் கடைக்காரன் கண்ணு எங்க இருந்துச்சோ" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இருபதைத்தான் ஊற்றுகிறேன், ஒரு சொட்டு மாற்றவில்லை. புகையிலை டப்பாவை அவரே ஒரு வியாழக்கிழமை குப்பை வண்டியில் போட்டார். போன வாரம் ஊதியபோது இரண்டு. இரண்டு என்றால் குடிக்காத ஆள் மாதிரி. மாடிப்படி நடுவில் நிற்காமல் ஏறுகிறார், ஏறிவிட்டு மேலே இருந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். குழுவில் நான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன், அதில் பொய் இல்லை, அவர் இருக்க வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் ஆறு மணி ஆனால் கால் தானாகப் பின்வாசலுக்குப் போய்விடுகிறது. டீயை எடுத்துக்கொண்டு படியில் நிற்கிறேன். போன வாரம் ஒருநாள் இவர் கதவை லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "ஏன் குளிர்ல நிக்கற? முப்பத்து நாலு வருஷமா என்னால நீ விறைச்சுப்போன, அது எனக்கு எவ்வளவு உறுத்தும் தெரியுமா. இனிமே உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, உள்ள வந்து சூடா உக்காரு" என்றார். எனக்குச் செய்த பெரிய உபகாரமாக அதை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வாங்க, கொஞ்ச நேரம் வந்து நில்லுங்க என்று சொல்லலாம், சொன்னால் வருவார். வந்தால் புகையிலையைத் தேடிக் கை கோட்டுப் பையைத் தடவும், மனசு வழுக்கும். என் துணைக்காக அவரை அந்த இடத்துக்கு ஒருமுறை இழுத்தது போதும். குப்பைத் தொட்டியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். பூனைக்குப் பயந்த குருவி மாதிரி அவர் உடனே கதவை மூடிக்கொண்டார், அவருக்கும் அந்தப் படியைப் பார்க்கவே பயம்.

இதில் நீ அழவோ உடனே டிக்கெட் எடுக்கவோ ஒன்றுமில்லை. அப்பாவிடம் நான் பாட்டில் விஷயத்தைச் சொல்லத்தான் போகிறேன், அவர் இன்னும் கொஞ்சம் உறுதிப்படட்டும், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று டோஸ்ட்டில் காலம் தள்ளாதே. டேமியனோடு தினம் எங்காவது பத்து நிமிடம் நில், எங்கே என்பது பெரிதில்லை. உங்கள் மூன்று பேருக்கும் நல்ல உடம்பும் நல்ல மூச்சும் நீண்ட ஆயுளும் இருக்கட்டும், ஹோலிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு வழக்கம்போலக் காலையில் கூப்பிடாமல் இங்கே சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு, உனக்குத் திங்கள் காலை ஏழு மணி, எழுந்துதான் இருப்பாய். நீ எப்போதும் என்னிடம், அப்பா எப்படி இருக்கார், என்று கேட்பாய். இந்தத் தடவை அப்பாவிடம், அம்மா எப்படி இருக்காங்க, என்று கேள். அந்த நேரத்தில் நான் எங்கே நிற்பேன் என்று உனக்குத் தெரியும், பதில் சொல்ல அவர் என்னைத் தேட வேண்டியிருக்கும்.

உன் அம்மா,
மாரீன்