காப்புக் கட்டுவதற்கு முன்னால் கிளம்பிவிடு

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், தாளில் எழுதினால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். உன் மகள் வடிவு இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். இங்கே ஆனிக் காற்று மண்ணை வாரிச் சோற்றில் போடுகிறது, மழையை மட்டும் கண்ணில் காட்டவில்லை. வடிவு ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து அருப்புக்கோட்டையில் கப்பு வாங்கினாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டே வந்தேன். அது என் வழியில் வந்த கால் என்று சொன்னால் ப்ரியா சிரிக்கிறாள், நீ வந்து உன் பெஞ்சாதிக்கு எடுத்துச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சகாபுதீன் டயர் கடையைப் பாதியில் போட்டுவிட்டுக் கரிக்கையோடு வந்திருந்தான், சின்னச்சாமி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆற விட்டுக்கொண்டிருந்தான். என்னடா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீக என்று கேட்ட பிறகுதான், "ஒங்க மகன் வரலைங்கிறான் சித்தி" என்று சின்னச்சாமி வாயைத் திறந்தான். மோட்டார் சைக்கிளில் வால்பாறைக்குப் போய் ஆடி மழையில் நனைந்துகொண்டே மலை ஏற வேண்டும் என்று கல்யாணத்துக்கு முந்தியே நீங்கள் மூன்று பேரும் பேசியது எனக்குத் தெரியும். ஒரு லீவில் உங்கப்பா தவறிப்போனார்கள், அடுத்த லீவில் வீட்டுக்குத் தளம் போட்டோம். இந்தத் தடவை எல்லாம் கூடி வந்ததென்று அவன்கள் வண்டிக்குப் புது டயர்கூட மாட்டிவிட்டான்கள்.

ஆனால் மூன்று தடியன்களும் காலண்டரில் லீவைப் பார்த்தீர்களே தவிர நம் ஊர் அம்மன் கோயில் பொங்கலைப் பார்க்கவில்லை. நீ வந்து இறங்குகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலந்தான் அம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் பொங்கல் முடிகிற வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது, நீங்கள் வியாழக்கிழமை கிளம்புவதாகப் பேசியிருக்கிறீர்கள். பொங்கல் முடிந்தால் உன் லீவும் முடிந்துபோகும். சின்னச்சாமி வெறுத்துப்போய், "ஏலே, ஒனக்குத்தான் காப்பு கெடையாதே, நீயாச்சும் போயிட்டு வாயேன்" என்றான். அதற்குச் சகாபுதீன், "ஒங்களை விட்டுட்டுத் தனியாப் போயி நனைஞ்சா காய்ச்சல்தாம்ல வரும்" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

காப்பை மட்டும் சாக்கு சொல்லவில்லையாமே நீ. பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனிமேல் எதுக்குடா ஊர் சுத்துறது என்றாயாம். உங்கப்பாவும் இப்படித்தான், வீடும் காடும் தவிர ஒன்றும் தெரியாமல் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் பேச ஆள் இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, போகிற லாரியை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி நீ உட்கார்ந்து நான் பார்க்கக் கூடாது. உங்கப்பா செத்தபோது உன் பக்கத்தை விட்டு நகராமல் கிடந்தது இந்த இரண்டு பேருந்தான்.

அதனால் நானே கோயிலுக்குப் போய்ப் பூசாரி ஐயாத்துரையிடம் கேட்டேன். "கட்டும்போது ஊருக்குள்ள இல்லாதவனுக்கு என்னத்தா கட்டு இருக்கு, பொங்கலன்னைக்கு வந்து சாமி முன்னால நின்னாப் போதும்" என்றார். அப்படியென்றால் நீ ஊருக்குள் வராமலே கிளம்ப வேண்டும் என்று புரிந்ததும் எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்தது, பொய் சொல்லவில்லை. நீ வந்ததும் முதல் கால் நம் வாசலில்தான் வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வருகிற வழியில் மனசைத் தேற்றிக்கொண்டேன். ப்ரியா கேட்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அவள் கோபமும் நியாயந்தான். மறுநாள் பார்த்தால் உன் பழைய ஸ்வெட்டரைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள். "ராத்திரி ராத்திரி போன் பண்ணணும், அம்புட்டுத்தான் அத்தை" என்றாள். திரும்பி வந்து அவளையும் பிள்ளையையும் ஒரு பகலாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ.

ஆகவே இந்தத் தடவை நீ இறங்கியதும் வீட்டுக்கு வர வேண்டாம். மதுரை ஏர்போர்ட்டுக்கு அவன்கள் வண்டியோடு விடியவே வந்துவிடுவான்கள், நாங்களும் கார் பிடித்துச் சோறு கட்டிக்கொண்டு வருகிறோம். அங்கேயே உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம், நீயும் பிள்ளையைக் கொஞ்சிக்கொள். மலையில் அட்டை கடிக்குமாம், உப்புப் பொட்டலம் தருகிறேன். மழையில் வழுக்கும், மெதுவாகப் போங்கள், ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. சகாபுதீன் தொழுகைக்குக் கேட்டால் முணங்காமல் வழியில் வண்டியை நிறுத்திக் கொடுங்கள். இந்தத் தாளைப் படித்து முடித்ததும் முதலில் அவன்களுக்கு வருகிறேன் என்று சொல், எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

அம்மன் உன்னையும் உன் கூட்டாளிகளையும் காத்து, மூன்று பேரையும் முழுசாகப் பொங்கலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாள். ஏர்போர்ட்டில் நான் கண்ணைத் துடைத்தால் கண்டுகொள்ளாதே. பெட்டியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு நீ வண்டியில் ஏறு, நாங்கள் காப்புக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடுவோம்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா முத்துமாரியம்மாள்