வெளியே உட்கார ஓர் ஆள்

யங்ஸ்டவுன், ஒஹையோ
நவம்பர் 20

அன்புள்ள ரஸ் அண்ணனுக்கு,

தங்கை மார்லா எழுதுவது. எந்த மாநிலத்துச் சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். உன் போனில் செய்தி விட இடமில்லை என்று ஒரு இயந்திரப் பெண் சொல்கிறாள். அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து உன் எண்ணில் அவள்தான் என்னோடு பேசுகிறாள். அதனால்தான் உன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

என் முதுகு போய்விட்டது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று விதி. விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது ஆளைத்தான் வேலைக்கு வைக்கவில்லை. கீழ் முதுகில், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் ஒன்று வற்றிச் சப்பையாகிவிட்டது. தரையில் மல்லாந்து படுத்துத்தான் காலுறை போடுகிறேன். “காத்துப் போன டயருல ஓடிட்டு இருக்கேம்மா நீ” என்றார் டாக்டர். காப்பீட்டுக்காரர்கள் மாத்திரைக்கு மட்டும் தலையாட்டுகிறார்கள். இப்போது எனக்குத் துணி மடிக்கிற வேலை, அதுவும் பாதி நேரம்.

நல்ல செய்தியும் உண்டு. கிளீவ்லேண்டில் ஒரு மருத்துவமனையில் புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். டிஸ்கின் நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கிற கூழ் ஒன்று இருக்குமாம். அது காய்ந்துபோனால்தான் இந்த வலி. அதற்குப் பதிலாக ஹைட்ரோஜெல் என்ற ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஊசியில் தண்ணியாக உள்ளே போகும். உடம்புச் சூட்டில் இறுகி, தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அங்கே வேலை செய்யும் ஷெல்பி என்ற பெண் ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன், நசுங்கியது. விரலை எடுத்ததும் பழையபடி எழுந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. எல்லாருக்கும் பலிக்காது என்றும் சொன்னார்கள். இருந்தாலும் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதில் ஒரு நிபந்தனை. மயக்கம் கொடுப்பதால், தெரிந்த ஆள் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவரே வீட்டுக்குக் கூட்டிப்போய் அன்று இரவு கூடவும் இருக்க வேண்டும். வாடகைக் கார் கூடாது. என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். எல்லாருக்கும் இரட்டை ஷிஃப்ட். “நாம் ஒரே குடும்பம்” என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மேனேஜரம்மாவையும் கேட்டேன். “அது உங்க சொந்த விஷயம், மார்லா” என்றாள்.

வேறு வழியில்லாமல் போனில் கார் கூப்பிட்டுப் போனேன். வழியில் டிரைவரிடம் கெஞ்சினேன். டெஸ்மண்ட் என்று பெயர், பெரிய உடம்பு, நல்ல மனுஷன். “ஒரு மணி நேரம் எனக்கு அண்ணனா இருங்க” என்றேன். “சம்பளமில்லாத வேலையா? சரி, ஏறுனவங்க எல்லாம் சொந்தந்தான்” என்று தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷெல்பி அவரிடம் சும்மாதான் கேட்டாள், தங்கச்சியோட முழுப் பெயர் என்னவென்று. பாவம், நான் கார் கூப்பிட்டபோது அவர் போனில் வந்த பெயரைப் பார்த்து, “மார்லா பி. சின்ன வயசுலேருந்து நாங்க பி-ன்னுதான் கூப்பிடுறது” என்றார். ஷெல்பி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க, இன்னிக்குச் செய்ய முடியாது” என்றாள். எனக்காகக் கலந்து வைத்திருந்த மருந்தைத் திரும்ப வைக்கவும் முடியாதாம். என் பெயர் ஒட்டிய ஊசிக்குழல் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போனது.

டெஸ்மண்ட் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். பட்டினி வயிற்றோடு இருந்தேன் என்று ஒரு முட்டை ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். “அடுத்த தடவை மீசை வச்சிட்டு வரட்டுமா?” என்றார். நன்றாகச் சிரித்தேன். கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எலும்புகளுக்கு நடுவே நிரப்ப ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லாததற்கு இந்த நாட்டில் எவனும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள்: டிசம்பர் ஐந்து, வியாழக்கிழமை காலை. அன்றும் ஆள் இல்லையென்றால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். “குடும்பத்துல யாருமே இல்லையா?” என்று ஷெல்பி கேட்டாள். அண்ணன் இருக்கான், வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

மருத்துவமனையில் லாரி நிறுத்த விட மாட்டார்கள். லாரியை இங்கே மூடிக்கிடக்கிற எஃகு ஆலைக்குப் பின்னால் விட்டுவிடு. என் காரையே ஓட்டலாம், ஹீட்டர் வேலை செய்கிறது. கிளீவ்லேண்ட் ஏரிப் பக்கம் பனி கொட்டுகிறது, அவசரப்படாமல் வா. சோபாவில் உனக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன். என்னோடு பேசியாக வேண்டும் என்றும் இல்லை.

பேச வேண்டுமென்றால், மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும் வழியில் பேசு. ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் நான் அரை மயக்கத்தில் இருப்பேனாம். அப்போது கேட்டது எதுவும் மறுநாள் நினைவில் இருக்காதாம். அம்மாவை அந்த இல்லத்தில் சேர்த்ததற்காக என்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் அப்போது சொல்லிவிடு, அண்ணா. கத்தினாலும் பரவாயில்லை. வண்டியை மட்டும் நிறுத்தாமல் வீடுவரை ஓட்டு.

உன் வரவை எதிர்பார்க்கும்
தங்கை
மார்லா