செல்வி அக்கா அழுத்திய பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். கோரிமேட்டில் ஒரு லாட்ஜின் பன்னிரண்டு அறைகளுக்கும் போன் அமைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் பொத்தானை அழுத்தியே எல்லாவற்றையும் செய்துவிடலாம். அதெல்லாம் வேலை தெரியாதவர்களுக்கு என்று இளக்காரமாக நினைத்து, பாதியை நானே அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் கோப்பில் வரி வரியாகத் தட்டி எழுதினேன். பிறகு யாராவது திரையில் சேமித்தால் அப்படி எழுதியது அழிந்துவிடும்; அதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று வரவேற்பில் இருக்கும் செல்வி அக்கா ஓர் அறையின் எண்ணை மாற்றி, திரையில் 'சேமி' என்பதை அழுத்தியிருக்கிறார். நான் எழுதியதெல்லாம் அழிந்து, போன்கள் ஊமையாகிவிட்டன.

"எதுக்கும்மா கண்டதையும் தொடுற?" என்று லாட்ஜ் முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஒரு நம்பரைத்தான் சார் மாத்துனேன்" என்றார் அக்கா. கண் கலங்கிவிட்டது.

நானும் பக்கத்தில் நின்று, "இனிமே பாத்து செய்யுங்கக்கா" என்றேன் அம்மா. நான் சரிசெய்து முடித்ததும் அக்காவே எனக்கு டீ வாங்கிவந்தார்.

நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்புங்கள், ஒன்று அக்காவுக்கு. நேற்றிலிருந்து தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நாளை முதலாளியிடம் உண்மையைச் சொல்லாமல் இதைத் தபாலில் போடமாட்டேன். இது உங்கள் கையில் இருந்தால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

இனியவன்