சி டிரைவில் இருந்த நான்கு வருஷம்

மச்சான்,

கடையின் மேல் அலமாரியை இன்று காலை காலி செய்தேன். பழைய மதர்போர்டு பெட்டிகளுக்குப் பின்னால் உன் லினக்ஸ் சிடிக்கள் தூசி படிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் உன் கோணல் கையெழுத்து. 'உபுண்டு. நல்லா ஓடும், சவுண்டு வராது.' 'ஃபெடோரா. ராம் கம்மியா இருந்தா அழும்.' 'டெபியன். பொறுமை உள்ளவனுக்கு மட்டும்.' ஒன்றில், 'மச்சானிடம் காட்டாதே, சிரிப்பான்.' ஸ்டூல் மேல் நின்றபடியே சிரித்தேன். அப்புறம் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். நீ அண்ணாமலை நகரில் ஒரு லேபில் டெக்னீஷியன் ஆனாய். நான் சைக்கிளில் பேட்டரி விற்று, கீபோர்டு விற்று, கடலூரில் லாரன்ஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். 2005 வாக்கில் நீ சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் பஸ் பிடித்து வருவாய். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற, வெளிநாட்டிலிருந்து தபாலில் சும்மா வந்த லினக்ஸ் சிடிக்களை என் கஸ்டமர்களுக்கே எடுத்து நீட்டுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சும்மா குடுக்கறான்னா அதுல என்னமோ சூது இருக்கு மச்சான்."

"சும்மா இல்லடா. கட்டற்ற மென்பொருள். யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம்."

"கட்டற்றதா? கட்டுப்படி ஆகாததுன்னு சொல்லு."

அன்றிலிருந்து நீயே லினக்ஸை அப்படித்தான் அழைத்தாய். "புதுசா ஒரு கட்டுப்படி ஆகாதது வந்துருக்கு, போட்டுப் பாக்கலாமா?" என்று போனில் கேட்பாய். வாரத்துக்கு ஒன்று மாற்றுவாய். பாட்டு வரவில்லை என்று ஒருநாள், பிரிண்டர் பேசவில்லை என்று மறுநாள். வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்தேன். உன் முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறேன்.

என் வைத்தியம் வேறு. எந்த மெஷின் எந்த நோயோடு வந்தாலும் சி டிரைவைத் துடைத்து ஃபார்மட் அடி, காப்பி விண்டோஸைப் போடு, அனுப்பு. நம் ஊரில் எல்லாக் கடையும் அப்படித்தான். மெஷின் வாங்குகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், "முக்கியமானதை டி-ல வைங்க, சி என்னுது." அதனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

2007-இல் அந்தப் பெண் வந்தாள். குமராட்சிப் பக்கம். கொள்ளிடக்கரை வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி நான்கு வருஷ ஆராய்ச்சி. ஒன்பது நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மெஷினில் விண்டோஸ் திறக்கவில்லை என்று வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கே என் வைத்தியத்தை முடித்துவிட்டேன். மறுநாள் வந்து திரையைப் பார்த்தவள், "அண்ணே, டெஸ்க்டாப்ல வெச்சிருந்தனே?" என்றாள்.

"டி-ல பாரும்மா."

"டி-ல பாட்டு தான் இருக்கு. இத எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு டெஸ்க்டாப்ல வெச்சேன்."

டெஸ்க்டாப் என்பதும் சி-தான். அவள் அந்த மெஷினை ஒரு சீனியரிடம் பழையதாக வாங்கியவள். என் உபதேசம் அவள் காதில் விழுந்ததே இல்லை. வேறு எங்கும் காப்பி இல்லையாம். அவள் கத்தவில்லை மச்சான். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

பின்பக்கம் போய் உனக்குப் போன் போட்டேன்.

"மெஷின் ஓடிக்கிட்டு இருக்கா? நிறுத்து."

"ஷட் டவுன் பண்ணிடறேன்."

"வேணாம், அது போற போக்குல எதையாவது எழுதி வெக்கும். ஒயரப் புடுங்கு. புடுங்கிட்டியா? நான் பஸ் ஏறுறேன்."

"மச்சான், வைரஸ் தின்னுடுச்சுன்னு சொல்லிடவா?"

"சொல்லிக்க. ஆனா நான் வரமாட்டேன்."

வெளியே வந்தேன். "நான்தான்மா அழிச்சேன். உன்னக் கேக்காம அழிச்சுட்டேன்" என்றேன். கடை போட்டு அத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை.

பதினொரு மணிக்கு வந்தாய். டிபன் பையில், மீட்பதை எடுத்து வைக்கத் துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு லினக்ஸ் சிடி. சிடியைப் போட்டதும் அவள் டிஸ்க்கைத் தொடாமலே மெஷின் எழுந்து நின்றது. வீட்டுக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்றே உள்ளே இருப்பதைப் பார்க்கிற மாதிரி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ஓடுகிற எண்கள். "அழிக்கறதுன்னா என்னான்னு நெனச்ச? பேர்ப்பலகைய மட்டும் கழட்டறது. அது மேல வேற ஒண்ண எழுதற வரைக்கும் சரக்கு அங்கியேதான் கெடக்கும்" என்றாய். என் விண்டோஸ் எத்தனை சரக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாலு மணிக்கு ஓட்டம் நின்றது. ஆயிரக்கணக்கில் ஃபைல்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண். மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். அந்தச் சீனியரின் கல்யாணப் பத்திரிகை, பாதி வெந்த படங்கள், பிறகு ஒரு பக்கம். "மண் மாதிரி எடுத்த முறை" என்று தலைப்பு. அவள் திரையில் கை வைத்துவிட்டாள். "என்னோடது அண்ணே. என் ரெண்டாவது இயல்."

ஐந்தில் நான்கு இயல்கள் முழுதாக வந்தன. நான்காவதுக்குப் பழைய பிரதிதான் கிடைத்தது. அதை ஆறு நாளில் திருப்பி எழுதி, குறித்த தேதியில் கொடுத்தாள்.

"ஃபைல மீட்குற இந்த சாஃப்ட்வேர எழுதினவன் யாரு மச்சான்?" என்று கேட்டேன்.

"எங்கியோ இருக்கான். ஒருத்தன் இல்ல, பல பேரு."

"அவனுங்களுக்கு இதுல இன்னா லாபம்?"

"உன் கேள்வியிலியே ஒரு கடை இருக்குடா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. முகம் தெரியாத யாரோ, குமராட்சி எந்தத் திக்கில் இருக்கிறது என்றே தெரியாத யாரோ, இந்தப் பெண்ணுக்காக முன்கூட்டியே உட்கார்ந்து வேலை செய்து வைத்திருக்கிறான். இருபது வருஷ வியாபாரத்தில் எனக்குப் பிடிபடாத சரக்கு அது ஒன்றுதான். இன்றுவரை பிடிபடவில்லை.

2012-இல் நெஞ்சுவலி என்று படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, உன் மெஷினை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியது. "அழிச்சுட்டு யாருக்காவது குடுத்துடுங்கண்ணே, பாத்தா கஷ்டமா இருக்கு."

"உள்ள இருக்கறத உனக்குக் காப்பி எடுத்துத் தரவாம்மா?"

"அவுரு என்னமோ தட்டிக்கிட்டே இருப்பாரு. எனக்குத் தெரியலண்ணே. எடுங்க."

எடுக்கும்போதுதான் பார்த்தேன். லினக்ஸின் திரை வாசகங்களை நீ தமிழாக்கிக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் சொன்னதே இல்லை. நான் சிரிப்பேன் என்றுதானே? நூற்றுக்கணக்கான வரிகள். டிஸ்க்கை ஃபார்மட் அடிக்குமுன் மெஷின் நம்மைக் கேட்கும் கேள்விக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்திருந்தாய். 'உறுதியா?' என்பதை அடித்திருந்தாய். 'நிச்சயம் அழிக்கவா?' என்பதையும் அடித்திருந்தாய். மூன்றாவதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'லாரன்ஸ் ரோட்டுக்காக' என்று குறித்திருந்தாய்.

அதை யாருக்கும் அனுப்பினாயா, எந்த மெஷினிலாவது அது வருகிறதா, எனக்குத் தெரியாது. என் கடையில் வருகிறது. போன், லேப்டாப், எதைக் கொண்டுவந்து வைத்தாலும், கை வைக்குமுன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து நானே கேட்கிறேன். இன்னொருத்தர் மெஷினை எடுத்து வந்தவர்கள் முழிப்பார்கள், வீட்டுக்குப் போன் போடுவார்கள். சிலர் சலித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். நீ எழுதிய சொல் மாறாமல்தான் கேட்கிறேன்:

'உரியவரைக் கேட்டாயிற்றா?'