நீ வெட்டிய புளியமரம்

அண்ணா,

எலவனாசூர்கோட்டை சாலையை மறுபடி அகலப்படுத்துகிறார்கள். நேற்று பஸ்ஸில் போகும்போது, மிச்சமிருந்த புளியமரம் ஒன்றை மெஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்கு உன் சட்டையில் இருந்த வாசனை.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த சமயம். நம் ஊர் எல்லையில் நீ மரத்தைச் சாய்த்தாய். அடுத்த ஊர்க்காரர்கள் அவர்கள் எல்லையில் சாய்த்தார்கள். ஆஸ்பத்திரி வண்டியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மறியலை நடத்திய தலைவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற மரத்தைக் குறுக்கே போட்டுவிட்டு எப்படி விடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு ஒரு வேன் உன் மரத்தின் முன்னால் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, தலைமாட்டை நீ தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியைப் பார்த்து ஓடினாய். அடுத்த ஊர் மரத்தையும் கட்டிலோடு ஏறித் தாண்டினீர்களாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் அவள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

ஊர் உன்னைத்தான் பேசியது. அடுத்த ஊரில் வெட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேன் முதலில் வந்து நின்றது அவர்கள் மரத்தின் முன்னால் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த மறியலில் பஸ்மேல் கல்லெறிந்தவனைக் காலிப்பயல் என்று திட்டிய அதே வாய், உனக்கு மட்டும் காலம் அப்படி என்றது.

வருஷக்கணக்காக அதையே சொன்னேன். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாய். போன மாசம் அதே ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதும் ஆரம்பித்தேன்.

"கூட்டத்தோட போன, அவ்ளோதாண்ணா. நீ வெட்டலன்னா வேற எவனாச்சும் வெட்டியிருப்பான்."

கண்ணைத் திறந்து பார்த்தாய். மூச்சு வாங்கியது.

"வேற எவனும் வெட்டல பாப்பா, நான்தான் வெட்டனேன். யாரும் என் கையப் புடிச்சி இழுக்கல. அத நான் செய்யலன்னு நீ சொல்லிக்கினே இருந்தா, அந்தப் பொண்ணத் தூக்கினு ஓடனதும் நான் இல்லன்னு ஆயிடும். அதையும் வுட்டுட்டா எங்கிட்ட வேற இன்னா இருக்குது?"

நான் அழுதேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை காலம் உன்னிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நீ போனபிறகு துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். "அவரு இன்னாம்மா பண்ணுவாரு, அன்னிக்கு நெலம அப்படி" என்கிறார்கள், நல்ல மனசோடுதான். முன்பென்றால் தலையாட்டியிருப்பேன்.

"எங்கண்ணன்தான் வெட்டுச்சு" என்கிறேன் இப்போது. அவர்கள் எழுந்துபோகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவைத்து மீதியையும் சொல்கிறேன்.

"எங்கண்ணன்தான் தூக்கினு ஓடுச்சு."