இடது காதும் ஹெட்போனும்

3-9-1986, புதன். திண்டிவனம்

காலையில் கடையில் கேசட் பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஹெட்போனில் இடது பக்கம் சத்தமே இல்லை. மரியஅந்தோணி அண்ணனிடம் சொன்னேன். கடைக்கு முதல் போட்டவர் அவர். மூன்று வருடமாகப் பதிவு வேலை முழுக்க நான். அவர் ஹெட்போனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஞானம், சின்ன வயசுலயே உனக்கு அந்தக் காதுல சீழ் வடிஞ்சுது. நாள் பூரா இத மாட்டிக்கினு இருந்தா காது போவாம என்னா ஆவும்? அடுத்த மாசத்துலேருந்து பாக்கியராஜ் கடையப் பாத்துக்கட்டும்."

பாக்கியராஜ் அண்ணியின் தம்பி. கேசட்டை எந்தப் பக்கம் போடுவது என்றே தெரியாது.

என் காது போச்சுன்னு இவருக்கு யாரு சொன்னது?

4-9-86

பயம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன். கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தேன். கேட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் தோன்றியது — ஹெட்போனைத் திருப்பி மாட்டினால்?

மாட்டினேன். இடது காதில் பாட்டு கணீரென்று கேட்டது. வலது காதில் ஒன்றுமில்லை.

போனது காது இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டு அவர் தலையிலேயே மாட்டினேன். நேராக ஒரு முறை, திருப்பி ஒரு முறை.

"உங்களுக்கும் ரெண்டு காதும் மாறி மாறிப் போவுதாண்ணா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மெஷினு கெட்டிருக்கும்" என்றார்.

5-9-86

பக்கத்து ரேடியோ கடை முருகையனின் டேப்ரெக்கார்டரில் செருகிப் பார்த்தேன். அங்கேயும் அதே பக்கம் ஊமை. ஆக, மெஷின் மேலும் குற்றமில்லை. வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டே வந்தேன். மெஷினில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் மடக்கியபோது கரகரவென்று சத்தம் வந்து போனது. அந்த இடத்தை வெட்டிவிட்டு முருகையன் புதுப் பின் வைத்துப் பற்றவைத்தார். இடது பக்கம் உயிர் வந்தது. ஆனால் கிழிந்த மேளம் மாதிரி ஓர் அதிர்வு. மூடியைக் கழற்றினால், உள்ளே இருக்கிற மெல்லிய தாள் நைந்து கிழிந்திருக்கிறது.

"இதுக்கு மேல இதுல காசு போடாதம்மா. வேற ஒண்ணு பாரு."

7-9-86, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை தப்பவில்லை.

10-9-86. விழுப்புரம் போய் வந்தேன்

கையில் இருநூறு ரூபாய். அண்ணனிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தேவநாதன் எலக்ட்ரிக்கல்ஸில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். வெள்ளி நிறம், தலையணை மாதிரி மெத்தை.

"மாட்டிக் கேக்கணும்ங்க" என்றேன். பையிலிருந்து என் கேசட்டை எடுத்தேன். எங்கள் கோயில் பாடகர் குழு, நானே பதிவு செய்தது. அதில் எங்கே வயலின் வரும், எங்கே ஒருவர் இருமுவார் என்று எனக்குத் தெரியும்.

பளபளப்பில் தபலா மட்டும் திம் திம் என்றது. இருமல் காணவே காணோம். அலமாரி மூலையில் கறுப்பாக ஒன்று கிடந்தது. அதையும் கேட்டேன். வயலின் தனியாக, இருமல் தனியாக, டேப் ஓடுகிற உஸ்ஸென்ற இரைச்சல்கூடத் தனியாகக் கேட்டது. வயரும் தடிமன். விலையும் கைக்குள்.

"அது பாக்க நல்லா இருக்காதேம்மா" என்றார் தேவநாதன்.

"இத மாட்டிக்கினு நான் கல்யாணத்துக்கா போறேன்? கட்டிக் குடுங்க."

11-9-86

புது ஹெட்போனை அண்ணன் பார்த்தார். நான் அதை மாட்டிக்கொண்டு பதிவு செய்ய உட்கார்ந்தேன்.

12-10-86, ஞாயிறு

மாசம் பிறந்து பன்னிரண்டு நாள், பாக்கியராஜ் கடைப் பக்கம் வரவில்லை. பகலில் ஓமந்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மகள் கல்யாண நாதஸ்வரத்தை நான்கு கேசட்டில் நகல் எடுக்க வேண்டுமாம். நான் உள்ளே வேலையாக இருந்தேன். கடைக்காரர் யார் என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"கடைக்காரி உள்ள பதிவு பண்ணிக்கினு இருக்குது," என்றார் அண்ணன். "உக்காருங்க, வரும்."

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி வைத்திருந்தேன் என்பது அண்ணனுக்குத் தெரியாது. பாட்டு முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.